கடைசிக் கம்பத்துக் கரண்ட்

“நல்ல ஸ்டெபிலைசராகப் பார்த்து ஒன்றைப் போட்டுவிடுங்கள் பாஸ், எல்லாம் சரியாகிவிடும்.” மலையகத்தில் வயரிங் வேலை செய்கிறவர்களுக்கு இது கேட்டுப் பழகிய பேச்சு. முன்பு வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் சொல்வார்கள். இப்போது படுக்கவும் சமைக்கவும் வசதி செய்த கேம்பர் வேனோடு வருகிறவர்களும் சொல்கிறார்கள். வோல்டேஜ் குறைந்தால் அதை ஏற்றிக்கொடுக்க ஒரு பெட்டி இருக்கிறது, காசு கொடுத்து வாங்கி மாட்டினால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். இந்த நினைப்பு எனக்கு நெடுநாளாகவே ஒட்டவில்லை. ஹப்புத்தளைப் பக்கம் ஒரு கேம்பிங் தளத்தில் வேலை பார்த்த பிறகு, இதை வெறும் தொழில் விஷயமாக ஒதுக்கவும் முடியவில்லை. லைனின் கடைக்கோடியில் இருக்கிற கொஞ்சக் கரண்டில் யார் எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. யாரும் அதைக் கேட்பதில்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த இடம் ஒரு தோட்டத்துப் பழைய உத்தியோகத்தர் குடியிருப்பும் அதைச் சுற்றியுள்ள சில தட்டு நிலமும். அதே தோட்டத்தில் பிறந்து, வெளிநாட்டில் சில காலம் உழைத்துவிட்டுத் திரும்பிய ஒரு தம்பி அதைக் குத்தகைக்கு எடுத்து, கூடாரம் அடிக்கவும் வேன் நிறுத்தவும் வசதி செய்திருக்கிறார். காற்று ஓயாத முகடு. வானம் வெளித்திருந்தால் தெற்கே தாழ்நிலம் முழுவதும் விரிந்து கிடப்பது தெரியும். முகட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள், லயத்து முனையில் ஒரு சின்னக் கடை. டிரான்ஸ்போமர் இருப்பது ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில். அங்கிருந்து தேயிலை மலையின் வளைவுகளோடு ஏறி வருகிற லைன் ஒரு கிலோமீட்டரைத் தாண்டித்தான் இங்கே வந்து சேருகிறது. கேம்பிங் தளத்துக்குக் கரண்ட் வருவது கடைசிக்கு முந்திய கம்பத்திலிருந்து. கடையும் லயமும் கடைசிக் கம்பத்தில்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியா நெரிசலுக்குப் பயந்து இங்கே வந்த ஒரு கொழும்பு வெள்ளவத்தைக் குடும்பத்தால்தான் எனக்கு அழைப்பு வந்தது. அந்த வீட்டு ஐயா தன் வேனைத் தானே நின்று பார்த்துக் கட்டியிருந்தார். கட்டில், சிங்க், பேட்டரியில் ஓடுகிற 12 வோல்ட் குளிர்சாதனப் பெட்டி, அதோடு 230 வோல்ட்டில் வேலை செய்கிற 2000 வாட் கீசர். பகலில் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன, பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு தண்ணீர் சூடாவதில்லை, பேட்டரி சார்ஜர் விட்டுவிட்டு நின்றுபோகிறது என்பது அவருடைய முறைப்பாடு. அதற்கென்று ஒரு 5 கே.வி.ஏ. ஸ்டெபிலைசரையும் கொண்டுவந்து வைத்திருந்தார். நான் அதை மாட்டிக்கொடுத்தால் போதுமாம்.

லோட் இல்லாத வோல்டேஜை நம்பாதீர்கள்

இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். அதில் 6 வீதம் கூடலாம், 6 வீதம் குறையலாம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில் இருக்க வேண்டும். நண்பகலில் அந்தக் கம்பத்திலிருந்து வருகிற இணைப்பில் மீட்டரை வைத்தபோது 228 காட்டியது. அதைப் பார்த்துவிட்டு ‘லைன் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு வேனில்தான்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 228 எதையும் சொல்வதில்லை. கரண்ட் ஓடும்போதுதான் கம்பியில் வோல்டேஜ் விழும். ஓடாத நேரத்தில் நூல் போன்ற வயரும் கட்டைவிரல் தடித்த வயரும் மீட்டரில் ஒன்றையேதான் காட்டும். அதனால் நான் பகலில் அளந்து முடிவு சொல்வதில்லை. உச்ச நேரமான மாலை ஆறரை தொடக்கம் இரவு பத்தரை வரைக்குள், லோடையும், அதாவது கரண்ட் எடுக்கிற சாமானையும் போட்டுவைத்து, மூன்று இடத்தில் பார்ப்பேன்: மெயின் சுவிட்சில், வேன் நிறுத்துமிடத்துப் பிளக் பொயின்டில், வேனுக்குள்.

ஏழரை மணிக்கு, வேனில் எதுவும் ஓடாதபோது, மெயின் சுவிட்சில் 198 இருந்தது. மலை முழுவதும் சோறு பொங்குகிற நேரம், ரைஸ் குக்கரும் தொலைக்காட்சியும் ஓடுகின்றன. கீசரைப் போடச் சொன்னேன். மெயின் சுவிட்சில் 191, வேனுக்குள் 180. இந்த மூன்று எண்களில் பாதி விஷயம் வெளிப்பட்டுவிட்டது. 198க்கும் 191க்கும் இடையில் விழுந்த 7 வோல்ட் தோட்டத்து லைனில் போனது. 191க்கும் 180க்கும் இடையில் விழுந்த 11 வோல்ட், அந்தத் தம்பி ரீலில் சுற்றிவைத்திருந்த 60 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் போனது. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் அது. லைட் போடுவதற்குச் சரி. ஒரு ஆம்பியர் ஒரு மீட்டர் போனால் அதில் 29 மில்லிவோல்ட் விழும். 2.5 என்றால் 18, 6 என்றால் 7 சொச்சம். ஆம்பியரையும் மீட்டரையும் பெருக்கிப் பார்த்தால் எங்கே தொலைகிறது என்பது கையில் கிடைத்துவிடும். வேன்காரர்கள் இந்தக் கணக்கை மட்டும் தெரிந்துவைத்திருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

வோல்டேஜ் குறைவு எல்லாச் சாமானையும் ஒரே மாதிரி வருத்துவதில்லை. கீசரும் கேத்தலும் சூடு குறைந்து ஓடுமே தவிரக் கெட்டுப்போகாது. 2000 வாட் கீசர் 180 வோல்ட்டில் ஏறத்தாழ 1225 வாட்தான் கொடுக்கும், தண்ணீர் கொதிக்க அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். எல்.ஈ.டி. விளக்குகளும் போன் சார்ஜர்களும் 100 வோல்ட்டிலிருந்தே வேலை செய்கிற மாதிரிச் செய்யப்பட்டவை பல உண்டு. அடி வாங்குவது மோட்டார் உள்ள சாமான்தான், அதிலும் கம்ப்ரசர். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230க்குப் பதில் 185 வந்தால் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவான வலுதான் கிடைக்கும். எழும்ப முடியாத கம்ப்ரசர் சும்மா நிற்பதும் இல்லை. ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சூடாகும். பக்கத்தில் இருக்கிற ஓவர்லோட் என்கிற பாதுகாப்பு சுவிட்ச் ‘டிக்’ என்று வெட்டிவிடும், ஆறிய பிறகு மறுபடி சேரும், மறுபடி வெட்டும். இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாட்கணக்கில் விட்டால் மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுற்று எரிந்துபோகும்.

லக்சபான பக்கத்தில்தானே இருக்கிறது?

லைன் டல்லாக இருக்கிறது என்றவுடன் எங்கள் ஆட்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. நாட்டுக்கே கரண்ட் கொடுக்கிற தண்ணீர் நம் மலையிலிருந்து ஓடுகிறது, நம் லயத்தில் மட்டும் ஏன் இப்படி என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் இருக்கிற மனக்குறை எனக்கும் உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர்கள் முன்னால் கட்டுரை வாசித்தார். லக்சபான நீர்மின் நிலையம் 1950இல்தான் ஓடத் தொடங்கியது. காசல்ரீயும் மவுசாக்கலையும் நீர்த்தேக்கமாகி எத்தனையோ காலமாகிவிட்டது. இவற்றைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பல லயங்களுக்கு விளக்கு வந்தது அதற்குப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. அதை மறக்கச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் வோல்டேஜ் குறைவுக்குக் காரணம் மின்நிலையத்தின் தூரம் இல்லை. நிலையத்திலிருந்து மின்சாரம் 132,000 வோல்ட் போன்ற உயர்ந்த அழுத்தத்தில் கிளம்புகிறது. பிறகு 33,000 ஆகிறது. அழுத்தம் கூடும்போது அதே வலுவைக் கொண்டுபோகக் குறைந்த ஆம்பியர் போதும் என்பதால், எத்தனை மலை தாண்டினாலும் பெரிதாக எதுவும் தொலைவதில்லை. தொலைவது கடைசித் துண்டில், டிரான்ஸ்போமர் அதை 400க்கும் 230க்கும் இறக்கிய பிறகு கம்பம் கம்பமாக நம் வீட்டுக்கு வருகிற துண்டில். லக்சபானவுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாலும் டிரான்ஸ்போமருக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் பின்னேரத்தில் விளக்கு மங்கும். கொழும்பில் டிரான்ஸ்போமருக்கு அடியில் இருக்கிற வீட்டில் மங்காது. தோட்டங்களில் டிரான்ஸ்போமர் பெரும்பாலும் ஸ்டோரை ஒட்டித்தான் இருக்கிறது, ஏனென்றால் பெரிய மோட்டார்கள் அங்கேதான் ஓடுகின்றன. லயங்கள் ஸ்டோரிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ, அந்தத் தூரத்தின் விலையை ஒவ்வொரு பின்னேரமும் கொடுக்கின்றன. அழகான காட்சி தேடி முகட்டுக்கு வருகிற வேன்களும் அதே தூரத்தில்தான் வந்து நிற்கின்றன.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. எல்லா விளக்கும் ஒன்றாக மங்கினால் அது வோல்டேஜ் குறைவு. சில விளக்கு மங்கி, சில விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் அது வேறு, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது 230 வரவேண்டிய இடத்தில் 300க்கு மேலும் வரலாம். அளந்துகொண்டு நிற்கக் கூடாது. மெயின் சுவிட்சை உடனே கீழே தட்டிவிட்டு, வேனின் பிளக்கையும் கழற்றிவிட்டு, அறிவிக்க வேண்டியவர்களுக்கு அறிவிக்க வேண்டும். காற்றும் பனிமூட்டமும் மாறி மாறி அடிக்கிற முகடுகளில் இணைப்புகள் சீக்கிரம் ஆக்சைடு பிடித்துவிடும். அலுமினியக் கம்பியோடு செப்புக் கம்பியைச் சும்மா முறுக்கிவிட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

கடையில் கேட்ட சத்தம்

ஐயா கொண்டுவந்த ஸ்டெபிலைசர் நல்ல சாமான். அதைக் குறை சொல்ல மாட்டேன். 140 வோல்ட் வந்தாலும் 230 ஆக்கிக் கொடுக்கும். மாட்டி, கீசரைப் போட்டுப் பார்த்தோம். வேனுக்குள் 230 வந்தது, கீசர் முழு வலுவோடு ஓடியது, ஐயாவுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் நான் ஆம்பியர் அளக்கிற கிளாம்ப் மீட்டரை உள்ளே போகிற வயரில் போட்டேன். ஸ்டெபிலைசர் இல்லாமல் கீசர் எடுத்தது 7 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது 12க்கு மேல். ஸ்டெபிலைசருக்குள் நுழைகிற இடத்தில் வோல்டேஜ் 165க்கு இறங்கியிருந்தது. அந்தப் பெட்டி கரண்டை உண்டாக்குவதில்லை. 165ஐ 230 ஆக்க வேண்டுமென்றால் அந்த அளவுக்கு அதிக ஆம்பியரை லைனிலிருந்து இழுக்க வேண்டும். அதிகம் இழுத்தால் லைன் இன்னும் விழும். விழுந்தால் இன்னும் இழுக்கும். ஒரு இடத்தில் அது நிலைகொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் நிலைகொள்கிற இடம் முன்பிருந்ததைவிடத் தாழ்ந்த இடம். ரீலில் சுற்றியிருந்த வயரைத் தொட்டுப் பார்த்தேன். வெளிச்சுற்று வெதுவெதுப்பு, உள்சுற்றில் விரலை வைக்க முடியவில்லை. வயரில் உண்டாகிற சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறுவதால், 7 ஆம்பியர் 12 ஆனபோது சூடு மூன்று மடங்காகிவிட்டது. ரீலோடு சுற்றிவைத்த வயர் எரிவது இப்படித்தான்.

அந்த நேரத்தில் கீழே கடையிலிருந்து ஒரு பையன் ஓடி வந்தான். பாட்டி கேட்கச் சொன்னாராம், மேலே என்ன போட்டிருக்கிறீர்கள் என்று. நான் மீட்டரோடு இறங்கிப் போனேன். கடை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பிஸ்கட், சவர்க்காரம், மாவு, வெற்றிலை, ஒரு கண்ணாடிக் கதவு வைத்த பழைய பிரிஜ். பையனின் பாட்டியான கடைக்கார அம்மா பிரிஜுக்குப் பக்கத்தில் ஒரு கையை அதன் மேல் வைத்தபடி நின்றிருந்தார். உள்ளேயிருந்து ‘ம்ம்’ என்று ஒரு முனகல், நாலைந்து எண்ணுவதற்குள் ‘டிக்’. கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி முனகல், மறுபடி ‘டிக்’. பிளக் பொயின்டில் மீட்டரை வைத்தேன். 185. மேலே தம்பிக்குப் போன் போட்டு ஸ்டெபிலைசரைத் தவிர்த்துக் கீசரை நேரே போடச் சொன்னேன். 190க்கு ஏறியது. கீசரையே நிறுத்தச் சொன்னேன். 197. அடுத்த முறை முனகல் வந்தபோது ‘டிக்’ வரவில்லை. கம்ப்ரசர் உடம்பைக் குலுக்கிக்கொண்டு எழும்பி ஓடத் தொடங்கியது.

இதற்குள் ஐயாவும் இறங்கி வந்துவிட்டார். நான் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. மேலே சுவிட்சைத் தட்டத் தட்டக் கீழே என்ன நடக்கிறது என்பதை மீட்டரிலும் பார்த்தார், காதாலும் கேட்டார். எவ்வளவு காலமாக இப்படி என்று அம்மாவிடம் கேட்டார். “பின்னேரமானால் இப்படித்தான் மகன், வேன் வந்து நின்றால் இன்னும் மோசம்” என்றார் அம்மா. யோகட்டும் தயிரும் வாங்கி வைப்பதை விட்டுவிட்டாராம். கெட்டுப்போனால் நட்டம் அவருக்குத்தானே. சோடா மட்டும் இருக்கிறது, அது குளிராவிட்டாலும் விற்றுவிடலாம்.

அதற்குப் பிறகு ஐயா ஒன்று சொன்னார், நியாயமான மனிதர் சொல்கிற நியாயமான பேச்சுத்தான்: நான் எடுக்கிற யூனிட்டுக்குக் காசு கொடுக்கிறேனே. கொடுக்கிறார், உண்மை. ஆனால் யூனிட் மீட்டர் எண்ணுவது அவர் எடுத்த மின்சாரத்தை மட்டும். அவர் எடுத்ததால் பக்கத்து இணைப்பில் விழுந்த 12 வோல்ட் யாருடைய பில்லிலும் ஏறாது. அம்மாவின் பிரிஜ் எரிந்துபோனால் அது எந்தக் கணக்கிலும் வராது. ஒரே பீலித் தண்ணீரைப் பல வீடுகள் பிடிக்கிற இடத்தில், மேல் வீட்டுக்காரர் குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினால் கீழ் வீட்டுக் குடம் நிறையாது என்பது தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். அதைச் செய்கிறவரை ஊர் சும்மா விடாது. ஸ்டெபிலைசர் செய்வதும் அதேதான், குழாய் கண்ணுக்குத் தெரியாததால் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

இணையத்தில் வேன் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கிற அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே 120 வோல்ட், நிறுத்துமிடத்தில் 30 அல்லது 50 ஆம்பியர் பொயின்ட். கோடையில் எல்லோரும் ஏசியைப் போடும்போது வோல்டேஜ் விழுகிறது. 104க்குக் கீழே போனால் தானாகத் துண்டித்துவிடுகிற கருவிகளை வைத்துக்கொள்கிறார்கள், நம்முடைய 230க்கு அது ஏறத்தாழ 200. துண்டிக்கிற கருவி நல்ல விஷயம், இங்கேயும் வேண்டும். ஆனால் ஏற்றிக்கொடுக்கிற பெட்டியை அங்கே மாட்டினால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கிற இன்னொரு வேன், அதுவும் விடுமுறைக்கு வந்தது. இங்கே பக்கத்தில் இருப்பது லயம். அவர்கள் நாளைக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வேறு இடத்துக்குப் போகிறவர்கள் இல்லை. அந்த அறிவுரையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம் மலையில் வைக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

காத்திருக்க முடிந்தவர் காத்திருக்க வேண்டும்

யோசித்துப் பார்த்தால், அந்த முகட்டில் கரண்ட் இல்லாமல் ஒரு பின்னேரத்தைச் சமாளிக்க எல்லா வசதியும் உள்ள ஒரே குடும்பம் வேனில் வந்த குடும்பம்தான். அதில் பேட்டரி இருக்கிறது, இன்வேட்டர் இருக்கிறது, சமைக்க எரிவாயு இருக்கிறது, பிரிஜ் 12 வோல்ட்டில் ஓடுகிறது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டப்பட்ட காலத்துக்குப் பிறகு, வசதியுள்ளவர்கள் இதையெல்லாம் வாங்கி வைக்கப் பழகிவிட்டார்கள். லயத்தில் யாரிடமும் அது இல்லை. ஆகவே வேன் எடுக்க வேண்டியதை லைன் ஓய்ந்த பிறகு எடுக்கட்டும், உச்ச நேரத்தை வேறு வழியில்லாதவர்களுக்கு விடட்டும் என்று முடிவுசெய்து வேலையைத் தொடங்கினோம். தம்பிக்கு இதில் முதலில் தயக்கம் இருந்தது. காசு கொடுத்து வருகிறவர்களிடம் ‘இதைப் போடாதீர்கள்’ என்று எப்படிச் சொல்வது என்றார். அவர் பிறந்த லயம் அது, அந்த அம்மா கடையில் கடன் சொல்லி வாங்கித் தின்று வளர்ந்தவர். அதனால் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

ரீலைத் தூக்கி எறிந்தோம். அதற்குப் பதிலாக 6 சதுர மில்லிமீட்டர் கேபிளைக் குழாய்க்குள் போட்டு நிலத்தில் புதைத்தோம். பிளக் பொயின்டில் ஒரு டெர்மினல் திருகு தளர்ந்து செம்பு கறுத்திருந்தது. அதை வெட்டி, புதிதாக இறுக்கி, மழை போகாத பெட்டிக்குள் வைத்தோம். கரண்ட் கசிந்தால் வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்தியும், எர்த் கம்பியை அளந்தும் பார்த்தோம், முகட்டுப் பாறை நிலத்தில் எர்த் எளிதில் கிடைக்காது. ஒவ்வொரு பொயின்டுக்கும் 6 ஆம்பியர் பிரேக்கர் வைத்தேன். ஸ்டெபிலைசரோடு கீசரைப் போட்டால் சில நிமிடங்களுக்குள் அது விழுந்துவிடும். அதோடு, 190க்குக் கீழே போனால் துண்டித்து, சரியான பிறகும் ஐந்து நிமிடம் பொறுத்துச் சேர்கிற ரிலே ஒன்று. அந்த ஐந்து நிமிடம் முக்கியம். கம்ப்ரசருக்குள் அழுத்தம் இறங்க நேரம் வேண்டும், உடனே சேர்த்தால் அதனால் எழும்ப முடியாது.

குளிக்கத் தண்ணீர் சூடாக்க எரிவாயுக் கீசரைப் பொதுக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டினார் தம்பி. உள்ளே மாட்டக் கூடாது, கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும். வேனின் பேட்டரி சார்ஜரில் எவ்வளவு இழுக்கலாம் என்று குறைத்துவைக்க முடியும். பேட்டரிக்குப் போகிற 12 வோல்ட் பக்கத்தில் அதை 20 ஆம்பியருக்கு இறக்கினால் லைனிலிருந்து எடுப்பது ஒன்றரை ஆம்பியர் அளவுதான். ஐயா அதையும் இரவு பத்தரைக்குப் பிறகு ஓடுகிற மாதிரி வைத்தார். விடியும்போது பேட்டரி நிறைந்திருந்தது. அந்த நேரத்தில் லைனில் 225க்கு மேல் இருந்ததால் சார்ஜரும் நின்று நின்று ஓடவில்லை.

இவையெல்லாம் கேம்பிங் தளத்துக்குள் செய்யக்கூடியவை. உச்ச நேரத்தில் லயத்தில் 197 மட்டுமே இருப்பதை இவை மாற்றுவதில்லை. அதற்காகத் தம்பியும் கடைக்கார அம்மாவின் பேரனும் சேர்ந்து ஒரு கொப்பியில் நாள், நேரம், வோல்டேஜ் என்று கோடு போட்டு எழுதத் தொடங்கினார்கள். மலிவான மீட்டர் ஒன்றைப் பையனிடம் கொடுத்து, பிளக் பொயின்டில் மாட்டுகிற வகை என்பதால் ஆபத்தில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். ‘கரண்ட் டல்’ என்று சொல்லிப் போகிறவருக்கும், எழுதிய எண்களோடு போகிறவருக்கும் எந்தக் கந்தோரிலும் வேறுபாடு உண்டு. அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு மின்சாரக் கந்தோரிலிருந்து வந்து அளந்தார்கள். லைனில் கரண்ட் வருகிற மூன்று பேஸ் கம்பிகளில் ஒன்றில் மட்டும் லோட் குவிந்திருந்தது தெரிந்தது. சில வீடுகளை மற்றப் பேஸுக்கு மாற்றினார்கள். உச்ச நேரத்தில் இப்போது 206, 207 நிற்கிறது. கடைப் பிரிஜ் எழும்புகிறது. அம்மா மறுபடி யோகட் எடுக்கிறார். ஆனாலும் 216க்கு இன்னும் வரவில்லை. டிரான்ஸ்போமரில் வோல்டேஜை ஒரு படி ஏற்றிவிட்டால் என்ன என்று கேட்டோம். ஸ்டோரை ஒட்டிய வீடுகளில் நள்ளிரவில் ஏற்கனவே 241 வருகிறது, ஏற்றினால் அங்கே அளவு கடந்துவிடும் என்றார்கள். அது சரியான பதில்.

மிச்சம் இருப்பது இரண்டு வழிதான். டிரான்ஸ்போமர் ஒன்று முகட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும், அல்லது லைனைத் தடித்த கம்பியில் மாற்ற வேண்டும். இவற்றில் ஒன்றைக் கேட்டு எழுதிய கடிதத்தில் லயத்து ஆட்களும் அம்மாவும் தம்பியும் ஒன்றாகக் கையொப்பம் வைத்திருக்கிறார்கள். கொப்பியின் பக்கங்களைப் பிரதி எடுத்துப் பின்னால் இணைத்திருக்கிறார்கள். வெள்ளவத்தை ஐயா தன் பங்குக்கு, வேன் நின்ற இரவுகளில் எடுத்த அளவுகளைத் தட்டச்சு செய்து அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை. இன்னும் இரண்டு வேன்கள் நிறுத்த இடம் வெட்டியிருந்த தம்பி, அங்கே பொயின்ட் வைப்பதைப் பதில் வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார். சூரியத் தகடு போட்டு வருகிற வேன்களை மட்டும் அங்கே விடலாமா என்று போன வாரம் கேட்டார். ஜூனிலிருந்து அடிக்கிற காற்றில் தகடுகள் தாங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.